சட்டமும் நடுப்பலகையும்

அகலமான ஒரே பலகையை அறுத்து மாட்டினால் அலமாரிக் கதவு ஆகிவிடாதா என்று கேட்பவர்கள், ஐப்பசி அடைமழையில் ஊதி நிலையில் இறுகிக்கொண்டும், சித்திரை வெயிலில் வற்றி இடுக்குவிட்டும் நிற்கிற அத்தகைய கதவோடு ஒரு வருஷம் வாழ்ந்து பார்த்தால், நான்கு சட்டங்களைக் கோத்து நடுவே பலகையொன்றைத் தளர்வாக நிறுத்தும் தச்சரின் யுக்தியை மனமாரப் போற்றுவார்கள். மரம் நாரோட்டத்தின் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாக்கில்தான் ஈரத்தை ஏற்று விரிகிறது, இழந்து சுருங்குகிறது. சாந்த சுபாவமுள்ள தேக்கே ஆனாலும், ரேகை விரிந்து தெரியும்படி அறுத்த 344 மி.மீ. அகலப் பலகை, அதன் ஈரம் 5 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய 3 மி.மீ. மாறிவிடும்.

அலமாரியின் வாயை மேல், நடு, கீழ் ஆகிய மூன்றிடத்திலும் அளந்து குறுகிய அளவையே கொள்ள வேண்டும். அது 454 மி.மீ. அகலமும் 754 மி.மீ. உயரமும் என்றால், சுற்றிலும் 2 மி.மீ. விட்டுக் கதவு 450க்கு 750 ஆகும். நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் 60 அகலம். நெடுஞ்சட்டங்களின் இடையே எஞ்சுவது 330. நெடுஞ்சட்டத்தின் துளையில் செருகும் முனையாகிய கழுந்துக்கு இருபுறமும் 30 வீதம் கூட்டிக் குறுக்குச் சட்டத்தை 390 ஆக அறுக்க வேண்டும். நெடுஞ்சட்டத்தையோ இரு முனையிலும் 20 மி.மீ. கூடுதலாக விட்டே அறுப்பார்கள். முனையை ஒட்டித் துளை கொத்தும்போது மரம் பிளவாதிருக்க அதுவே காப்பு, கதவு கோத்தபின் அறுத்துவிடலாம்.

கழுந்து தொடங்கும் விளிம்பாகிய தோளைக் குறிக்கும் இடத்தில்தான் தச்சரின் கை மிகவும் நிதானப்படுகிறது. மேல், கீழ்க் குறுக்குச் சட்டங்களைச் சேர்த்துப் பிடித்து, மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் அல்ல, கத்திமுனையாலேயே இரண்டிலும் ஒருங்கே கோடு கீறி, அக்கோடு அழியாதபடி ரம்பத்தைக் கழிவுப்பக்கமாகவே ஓட்டுகிறார். இரண்டுக்கும் அரை மி.மீ. வேற்றுமை நேர்ந்தாலும் கதவு கோணிவிடும் அன்றோ!

சட்டங்களின் உள்விளிம்பில், பலகையின் ஓரம் நுழையும் 10 மி.மீ. ஆழக் காடி ஓடுவதால், நடுப்பலகை 350க்கு 650 இருந்தால் காடி நிறையும். ஆயினும் அகலத்தில் பக்கத்துக்கு 3 மி.மீ. குறைத்து 344 ஆகவும், உயரத்தில் 1 மி.மீ. வீதம் மட்டுமே குறைத்து 648 ஆகவும் அறுக்கிறார்கள். இக்கணக்கும் நிரந்தரமானதன்று, மழைக்காலத்தில் ஊதிய நிலையிலேயே அறுக்கப்படும் பலகைக்கு இத்தனை இடம் தேவையில்லை, கோடையில் அறுப்பதற்கோ இது முழுவதும் வேண்டும். பசை கழுந்துக்கு மட்டுமே உரியது. காடியில் அது கசிந்து பலகையைப் பற்றிக்கொண்டால், சுருங்க வழியின்றிப் பலகை நடுவே வெடிக்கும்.

பலகைக்கு மெருகெண்ணெயையும் கோப்பதற்கு முன்பே, ஓரம்வரை பூசிவிட வேண்டும். பின்னர் பூசினால், முதற்கோடையிலேயே பலகை காடியைவிட்டுச் சற்று விலகி, சட்டத்தை ஒட்டி வெளிறிய கோடொன்று நெடுகத் தெரியும்.