துப்பாக்கிப் பொறிப்புகளுக்கு நிறமூட்டல்

துப்பாக்கிப் பொறிப்புகளுக்கு நிறமூட்டல் என்பது துப்பாக்கியின் உலோகப் பகுதியிலோ கைப்பிடியிலோ பள்ளமாக வெட்டப்பட்ட எழுத்துக்கள், எண்கள், குறிகள் ஆகியவற்றை நிற அரக்கினால் நிரப்பும் முறையாகும். கருமையேற்றிய உருக்கில் பொறிப்பும் கருமையாகவே இருப்பதால் மங்கிய ஒளியில் அதனைப் படிப்பது கடினம். இம்முறையைப் பலர் வெறும் அழகூட்டலாகக் கருதுகின்றனர். ஆனால் அது எச்சரிக்கைக்காகவும் பயன்பட்டுள்ளது.

சிவப்பு 9

இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஜெர்மனியின் மௌசர் சி96 கைத்துப்பாக்கி ஆகும். இது முதலில் 7.63 மி.மீ. தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது, 1916 இல், ஜெர்மானியப் படை 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவுக்கு ஏற்ற 1,50,000 துப்பாக்கிகளைக் கோரியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,37,000 வழங்கப்பட்டன. இரு வகைகளும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. தவறான தோட்டாவை இட்டுவிடாதிருக்க, மரக் கைப்பிடியின் இரு பக்கங்களிலும் பெரிய 9 என்னும் எண்ணைப் பதித்துச் சிவப்பு நிறம் பூசினர். இதனாலேயே இவ்வகை "சிவப்பு 9" எனப் பெயர் பெற்றது.

எனினும் இந்த எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. கைப்பிடியைத் திருகாணி கழற்றி மாற்றிவிடலாம். புதிய மரத்தில் 9 ஐச் செதுக்கிச் சிவப்பு பூசுவதும் எளிது. பிற்காலத்தில் 9 மி.மீ. குழலுக்கு மாற்றப்பட்டும் எவ்வித எண்ணும் இல்லாத சி96 களும் உள்ளன. குழலை அளந்து பார்ப்பதே உறுதியான வழி.

வால்தர் பிபி, பிபிகே துப்பாக்கிகளில் எழுத்துக்கு மாறாகச் சிவப்புப் புள்ளி உள்ளது. பாதுகாப்புக் கொண்டி சுடும் நிலையில் இருக்கும்போது மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும்.

செய்முறை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பணி தொடங்கும். பள்ளத்தில் எண்ணெய்ப் பசை சிறிதும் இருத்தலாகாது; இருந்தால் அரக்கு பற்றாது. மெழுகு கலந்த அரக்குக் குச்சியைப் பொறிப்பின் மீது பல திசைகளில் அழுத்தித் தேய்ப்பர். மேற்பரப்பில் எஞ்சியதை விறைப்பான அட்டையின் விளிம்பால் வழிப்பர். மென்துணியைப் பயன்படுத்தினால் அது பள்ளத்தினுள் புகுந்து நிறத்தையும் எடுத்துவிடும். ஆழமற்ற பொறிப்புகளில் நிறம் நிலைப்பதில்லை. துப்பாக்கியைத் தூய்மை செய்யும் கரைப்பான்கள் பலவும் அரக்கைக் கரைப்பதால் காலப்போக்கில் மீண்டும் பூச நேரிடும்.

சேகரிப்பாளர் நோக்கு

பழைய துப்பாக்கிகளில் தொழிற்சாலைப் பூச்சின் எச்சம், மங்கியிருப்பினும், வரலாற்றுச் சான்றாகும். அதன்மேல் புதுநிறம் பூசினால் எது பழையது என்பதை அறிய இயலாது. ஆதலால் சேகரிப்பாளர் பலர் இதனை விரும்புவதில்லை. பின்னர் அகற்றக்கூடிய மெழுகரக்கு, கடினமான எனாமல் பூச்சினும் தீங்கு குறைந்தது எனலாம். படிப்பதற்காகப் பொறிப்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்தலோ மீண்டும் ஆழமாக வெட்டுதலோ முற்றிலும் வேறானது. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம் துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது.