நல்ல தண்ணி பைப்பா, கழிவு பைப்பா? மாடியில் மீனும் கீரையும் வளர்ப்பவர்கள் கவனிக்க!

பிளம்பிங் சாமான் கடையில் போய் பைப் கேட்டால், கடைக்காரரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "எதுக்கு சார்... நல்ல தண்ணிக்கா, கழிவுக்கா, ஒயரிங்குக்கா?"

மூன்றுக்கும் வேறு வேறு பைப், வேறு வேறு விலை. வீடு கட்டுகிறவருக்கு இந்தக் கேள்வியில் சிக்கல் இல்லை. மொட்டை மாடியில் தொட்டி வைத்து மீன் விட்டு, அதே தண்ணீரில் கீரையும் தக்காளியும் வளர்க்க ஆசைப்படுகிறவர்தான் ஒரு நிமிடம் யோசிப்பார். 'ஓடப்போவது மீன் கழிவு கலந்த தண்ணீர்தானே, கழிவு பைப் போதாதா?' என்று தோன்றும். விலையும் குறைவு. நாலு இன்ச் கழிவு பைப்பையே வாங்கி வந்து, ஓட்டை போட்டு, செடியை நட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர்.

ஆனால், இது சாக்கடைக்குப் போகிற தண்ணீர் இல்லை. அந்த மீன் குழம்பாகப் போகிறது. அந்தக் கீரை குழந்தையின் தட்டுக்கு வரப்போகிறது. அப்படியானால் கடைக்காரரின் கேள்விக்குச் சரியான பதில், 'நல்ல தண்ணிக்கு' என்பதுதான்.

அக்வாபோனிக்ஸ் என்று சொல்லப்படும் இந்த முறையின் அடிப்படை எளிமையானது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். சுத்தமான தண்ணீர் மறுபடியும் மீனிடம் வந்து சேரும். மண் வேண்டாம், தனியாக யூரியா வேண்டாம். தொட்டி, மோட்டார், பைப் போதும். இதில் தொட்டிக்கும் மீனுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள், பைப்பை மட்டும் கடைசியில் கைக்குக் கிடைத்ததை வைத்து முடித்துவிடுகிறார்கள்.

அதே தண்ணீர்... ஆயிரக்கணக்கான சுற்று!

வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் அந்த பைப்பை ஒருமுறைதான் கடக்கிறது. இங்கே கதை வேறு. 500 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 500 லிட்டர் தள்ளும் மோட்டார் வைத்தால், கணக்குப்படி ஒரு நாளைக்கு 24 சுற்று. ஆறு மாதத்தில் நாலாயிரத்துக்கும் மேல்! ஒவ்வொரு சுற்றிலும் பைப்பிலிருந்து துளியூண்டு ஏதாவது கரைந்தாலும், அது வெளியே போக வழியில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருக்கும் உலோகம் தொட்டியிலேயே தங்கிவிடும். ரசத்தை அதிகம் கொதிக்கவிட்டால் உப்புக் கரிக்கும் இல்லையா, அதே சங்கதிதான். செடி கொஞ்சம் உறிஞ்சும், அடியில் தங்கும் வண்டலில் கொஞ்சம் சேரும். மீதி மீனின் செவுளுக்கு வரும்.

செம்பு நமக்கு நல்லது... மீனுக்கு?

செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனால் செம்பு, பித்தளை என்றாலே ஒரு மரியாதை. மீனிடம் அந்த மரியாதை செல்லாது. விவசாயிகள் பூஞ்சணத்துக்குத் தெளிக்கும் மயில்துத்தம் செம்பின் உப்புதான். குளத்தில் பாசியை அழிக்கவும் அதைப் போடுவது உண்டு. அளவு கொஞ்சம் கூடினால் பாசியோடு மீனும் சேர்ந்து மிதக்கும். மனிதருக்குத் தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. மீனுக்கோ நாள் முழுக்கச் செவுள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. செம்பு அந்தச் செவுளைத்தான் முதலில் தாக்கும். உடம்புக்குத் தேவையான உப்புச் சத்தை மீன் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். நத்தையும் இறாலும் மீனைவிட இன்னும் மென்மையானவை.

'நான் எங்கே செம்பு பைப் போடப் போகிறேன்' என்று கேட்கலாம். நேரடியாக யாரும் போடுவதில்லை, அது ஒளிந்துகொண்டு வரும். பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான். பளபளவென்று வெள்ளியாக மின்னும் பாத்ரூம் குழாயை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், உள்ளே பெரும்பாலும் மஞ்சள் தெரியும். வெளியே வெள்ளைப் பிளாஸ்டிக்காக இருக்கும் சில எஃப்.டி.ஏ., எல்போ ஃபிட்டிங்குகளின் மரைப் பகுதியில் பித்தளை வளையம் பதித்திருப்பார்கள். வலுவானது என்று கடைக்காரரே அதை எடுத்துக் கொடுப்பார். வீட்டுக் குழாய்க்கு அவர் சொல்வது சரி. மீன் தொட்டிக்கு முழுப் பிளாஸ்டிக் மரை, பிளாஸ்டிக் பால் வால்வ், பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள் என்றே கேட்டு வாங்குங்கள்.

ஜி.ஐ. பைப்பும் அப்படித்தான். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். அதுவும் செவுளைக் கெடுக்கும். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம். ஹோஸை இறுக்கும் கிளிப்கூட எவர்சில்வராக இருக்கட்டும், அதனால் பயமில்லை.

ஆபத்து தாமதமாகத்தான் வரும்

"ஒரு சின்ன பித்தளை வால்வ்தான் போட்டேன். மூன்று மாதமாக மீன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். மூன்று மாதம் நன்றாக இருக்கலாம். நான்காவது மாதத்தில் காரணம் புரியாமல் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கலாம். ஏன்?

நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவம் விடும் அந்தத் தண்ணீரில் உலோகம் சட்டென்று கரையாது. கரைந்தாலும் அதன் விஷத்தன்மை மட்டுப்படும். ஆனால், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா சும்மா வேலை செய்வதில்லை. அம்மோனியாவில் இருக்கும் ஒரு கிராம் நைட்ரஜனை மாற்ற, சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மையை அது செலவழிக்கிறது. மீன் வளர வளர தீவனம் கூடும், அம்மோனியா கூடும், காரத்தன்மை கரைந்துகொண்டே வரும். எட்டில் இருந்த பி.ஹெச். மெல்ல மெல்ல ஆறரைக்கும் ஆறுக்கும் இறங்கும்.

இதைத் தவறு என்றும் சொல்ல முடியாது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014-ல் வெளியிட்ட சிறிய அளவிலான அக்வாபோனிக்ஸ் கையேடே, மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் ஒத்துப்போகும் அளவாக 6 முதல் 7 வரையிலான பி.ஹெச்.சைத்தான் சொல்கிறது. ஆக, அமைப்பு ஒழுங்காக வேலை செய்யச் செய்ய, தண்ணீர் உலோகத்தைக் கரைக்கும் பக்கமாகவே நகர்கிறது. முதல் வாரத்தில் பாதுகாப்பாக இருந்த பித்தளை வால்வ், ஆறாவது மாதத்தில் அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பைப்பில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்

சரி, உலோகம் வேண்டாம். பிளாஸ்டிக்கில் எது?

நல்ல தண்ணீருக்கான யு.பி.வி.சி. பைப்பே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பைப்பின் நெடுகிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது குடிநீர் விநியோகத்துக்கான யு.பி.வி.சி. பைப்பின் தர எண். ஐ.எஸ். 13592 என்றிருந்தால் அது கழிவுநீர், மழைநீருக்கான எஸ்.டபிள்யூ.ஆர். பைப். ஐ.எஸ். 9537 என்றால் ஒயரிங் பைப், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எதுவுமே அச்சடிக்காத பைப்பில், என்ன பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றினார்கள் என்பது செய்தவருக்கே வெளிச்சம்.

எண்ணுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? பி.வி.சி.யை உருக்கி பைப்பாக இழுக்கும்போது சூட்டில் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு நிலைநிறுத்தி சேர்ப்பார்கள். நீண்ட காலமாக அதற்கு ஈய உப்புகள் பயன்பட்டன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. மத்திய அரசு 2021-ல் பி.வி.சி. பைப்புகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தத் தனி விதிகளே கொண்டு வந்தது. இப்போது ஈயம் சேர்க்காத பைப்புகள் 'லெட் ஃப்ரீ' என்ற அச்சுடன் கிடைக்கின்றன. அப்படியானால் பரணில் கிடக்கும் பதினைந்து வருடப் பழைய பைப்? அதை அவரைப் பந்தலுக்குக் காலாக நட்டுக்கொள்ளலாம். மீன் தொட்டிக்கு வேண்டாம்.

செடி நடும் நாலு இன்ச் பைப்புக்குத்தான் பலரும் எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பைத் தேடிப் போகிறார்கள். ஐ.எஸ். 4985-லேயே 110 மில்லிமீட்டர் பைப், குறைந்த அழுத்தம் தாங்கும் 4 கிலோ வகையில் கிடைக்கும். செடிக்குள் ஓடும் தண்ணீருக்கு அழுத்தமே இல்லை, பிறகு எதற்கு 10 கிலோ பைப்புக்குக் காசு கொடுக்க வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்டால் விலை வித்தியாசம் அவ்வளவாக உறுத்தாது.

வெந்நீருக்கான சி.பி.வி.சி. பைப்பும் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு அது வீண் செலவு. கறுப்பு ஹெச்.டி.பி.இ. பைப்பில் ஐ.எஸ். 4984 பாருங்கள். பசையே வேண்டாம், இறுக்கி மாட்டினால் போதும், வெயிலையும் தாங்கும். பச்சை நிற பி.பி.ஆர். பைப்பைச் சூடுபண்ணி ஒட்ட மெஷின் வேண்டும். அது கையிலிருக்கும் பிளம்பர் தெரிந்தவராக இருந்தால் யோசிக்கலாம்.

பைப் நல்லது... பசை?

நல்ல பைப் வாங்கி வந்தும் கோட்டை விடுகிற இடம் இது. கடைகளில் 'சொல்யூஷன்' என்று கேட்டு வாங்கும் பி.வி.சி. பசை, பைப்பின் மேல்பரப்பையே கரைத்து ஒன்றோடு ஒன்று சேர்க்கிறது. அந்தக் கரைப்பான்கள் மீனுக்கு ஆகாதவை. ஒட்டிய பத்தாவது நிமிடம் பைப் இறுகிவிட்டதாகத் தோன்றும், உள்ளே வாடை இருந்துகொண்டே இருக்கும். இரண்டு, மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி வெளியேற்றிய பிறகே மீன் விடுங்கள்.

மோட்டாரிலிருந்து மேலே போகும் பைப்புக்குத்தான் பசை கட்டாயம். செடியிலிருந்து தொட்டிக்குத் தானாக இறங்கி வரும் பைப்பில் ரப்பர் வளையம் போட்டுச் செருகினால் போதும். அடைத்துக்கொண்டால் கழற்றிக் கழுவவும் வசதி. வளையம் சுலபமாக நுழைய சோப்புத் தடவுவது பிளம்பர்களின் வழக்கம். சோப்பும் மீனுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்து நுழைக்கச் சொல்லுங்கள். அந்த இறங்கு பைப், ஏறும் பைப்பைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். முக்கால் இன்ச்சில் ஏறினால் இரண்டு இன்ச்சில் இறங்கட்டும். வேரும் வண்டலும் ஒருநாள் அடைத்தே தீரும். பைப் சிறியதாக இருந்தால் தொட்டி காலியாகி, மாடியெல்லாம் தண்ணீராகும்.

வளையும் ஹோஸ் இன்னொரு சிக்கல். பி.வி.சி.யை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். அவை பிளாஸ்டிக்கோடு முழுமையாகப் பிணைந்திருப்பதில்லை, மெல்லக் கசியும். புது ஹோஸின் காரமான வாடைக்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தவரை கெட்டி பைப்பையே போட்டு, மோட்டார் இணைப்புக்கு மட்டும் உணவுத் தர ஹோஸ் அல்லது சிலிகான் டியூப் ஒரு சாண் வாங்குங்கள். கண்ணாடி போன்ற ஹோஸ் வேண்டாம், ஒரே வாரத்தில் உள்ளே பாசி பிடிக்கும்.

கசிவை அடைக்கும் சிலிகானில் 'பூஞ்சை எதிர்ப்பு' என்று போட்டிருந்தால் பாத்ரூமுக்கு ஓகே. பூஞ்சையைக் கொல்லும் மருந்து பாக்டீரியாவையும் மீனையும் மட்டும் விட்டுவைக்குமா? மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகான் தனியாக இருக்கிறது.

மே மாத மாடி

யு.பி.வி.சி.க்கு எதிரி வெயில். நேரடி வெயிலில் சில வருடங்கள் கிடந்தால் வெளுத்து, தட்டினால் உடையும் அளவுக்கு நொறுங்கத் தொடங்கும். வெளிப்பக்கம் மட்டும் தண்ணீரில் கரைக்கும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் ஆயுள் கூடும். உள்ளே வெளிச்சம் போகாததால் பாசியும் குறையும். கறுப்பு ஹெச்.டி.பி.இ. உடையாது, ஆனால் சூட்டை இழுக்கும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்து, மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அந்த பைப்பை நிழல்வலைக்குக் கீழே ஓட்டுங்கள்.

ஏற்கெனவே அமைத்துவிட்டவர்கள் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு மாலை நேரத்தில் கையில் காந்தத்தோடு மோட்டாரிலிருந்து தொட்டி வரை ஒரு சுற்று வாருங்கள். காந்தம் ஒட்டினால் அது பெரும்பாலும் ஜி.ஐ. அல்லது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. தண்ணீர் படும் இடத்தில் இருக்கும் அந்தத் துண்டை மட்டும் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டு, இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றி வாருங்கள். வெளியே எடுத்த தண்ணீரை மாமரத்துக்கோ தென்னைக்கோ ஊற்றலாம். பழகிய பி.வி.சி. பைப்புகளின் உள்சுவரில் பழுப்பாக வழவழவென்று ஒட்டியிருப்பதை மட்டும் ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அம்மோனியாவை உரமாக்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்தப் படலத்திலும்தான்.