களையாய் நின்ற காட்டு நெல்

குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் காட்டு நெல்லை விவசாயி களையென்றே பிடுங்கி எறிவார். கதிர் முற்றுவதற்குள் மணி உதிர்ந்துவிடும். இறைவன் படைப்பில் வீணானது எதுவுமில்லை என்று சொல்கிற நாமும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

1970களில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நெல் வயல்களைப் புகையான் பூச்சி தாக்கியது. சாற்றை உறிஞ்சியதோடு, பயிரைப் புல் போலக் குட்டையாக்கும் வைரஸ் நோயையும் பரப்பியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தது. நோயைத் தாங்கியது ஒன்றே ஒன்றுதான்: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த 'ஒரைசா நிவாரா' என்ற காட்டு நெல். அதே இனத்தின் மற்ற மாதிரிகளில்கூட அந்தக் குணம் இல்லை.

அதைப் பயிர் நெல்லோடு கலந்தால் மணி உதிரும் குணமும் சேர்ந்தே வரும். எனவே பிறந்த செடிகளில் நோய் தாங்கியவற்றை மட்டும் பொறுக்கி, மீண்டும் மீண்டும் பயிர் நெல்லோடே கலந்தார்கள். வேண்டிய மரபணு தங்கியது, வேண்டாதவை கழிந்தன. குர்தேவ் குஷ் தலைமையில் உருவான ஐஆர் 36 ரகம் 1976இல் வெளிவந்தது. 1980களில் அது சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது.

விதையை வங்கியில் குளிரூட்டி வைத்தால் போதாதா? வைக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே விதை சேகரித்த நாளில் இருந்தபடியே உறங்கும். குளத்தில் நிற்கும் செடிதான் புதுப் பூச்சியோடும் வறட்சியோடும் தலைமுறை தலைமுறையாக மோதி மாறுகிறது. குளத்தைத் தூர்த்து மனை போட்டால் அது போயிற்று. தூர்க்காத இடத்திலும், பக்கத்து வயலின் மகரந்தம் கலந்து அதன் தனித்தன்மை கரைகிறது.