காரைக்குள் மிதக்கும் வலை

காரைக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பீமும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழுந்தது. வீடு குடிபுகுந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மட்டக்கோல் வைத்து இழுத்ததுபோல அவ்வளவு நேர்கோடு. பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தோம். அடுத்த சித்திரை வெயிலில் அதே இடத்தில் அதே கோடு. சுவர் விரிந்துவிட்டதோ, அஸ்திவாரம் இறங்கிவிட்டதோ என்று பயந்து போய், திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "சுவத்துக்கு ஒண்ணுமில்ல சார். இந்த எடத்துல வலை போடல, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்ன வலை, கடைகளில் சிக்கன் மெஷ் என்று கேட்டு வாங்கும் கோழி வலை. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அதே அறுகோணக் கண் வைத்த கம்பி வலைதான். கோழிக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக யோசித்தேன்.

வெளியே பார்த்தால் ஒரே சுவர். உள்ளே அது இரண்டு வேறு பொருள்கள். பில்லரும் பீமும் கான்கிரீட், நடுவில் நிரப்பியது செங்கல். 5 மீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் 20 டிகிரி சூடு ஏறினால், கான்கிரீட் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும், செங்கல் 0.6 மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும். இரவில் இரண்டும் திரும்பச் சுருங்கும். போதாததற்குப் புதுக் கான்கிரீட் காயக் காய இறுகிச் சுருங்குகிறது, பாரம் ஏறியதும் பீம் கொஞ்சம் தொய்கிறது. இந்த இரண்டின் மேலும் ஒரே போர்வையாகப் போர்த்தியிருப்பது அரை அங்குலச் சிமென்ட் பூச்சு. அதை அமுக்கினால் எவ்வளவோ தாங்கும். இழுத்தால் தாங்காது, அமுக்கத்தைத் தாங்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இழுவையைத் தாங்கும் பலம். அதனால் இரண்டு பொருள்களும் சேரும் கோட்டிலேயே பூச்சு பிளக்கிறது.

அந்தக் கோட்டின் மேல் இரண்டு பக்கமும் அரை அடி வருகிறமாதிரி ஓர் அடி அகலத்துக்கு வலையை விரித்துப் பூசிவிட்டால், இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். வலை போட்டால் விரிசலே வராது என்பதில்லை. ஒரே இடத்தில் வாயைப் பிளக்க வேண்டிய விரிசலை அது பல மயிரிழைகளாகப் பிரித்துவிடுகிறது. அந்த இழைகள் கண்ணுக்கும் தெரியாது, மழைத்தண்ணீரும் அவற்றின் வழியே எளிதில் இறங்காது.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. காவிரி டெல்டாவின் பழைய மண் வீடுகளில் மூங்கில் பிளாச்சையும் குச்சியையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன் மேல் வைக்கோல் போட்டு மிதித்த சேற்றை அப்பினார்கள். அந்தக் குச்சிக் கட்டுக்கு வரிச்சு என்று பெயர். சேறு வெடிக்காமல் பிடிக்க வைக்கோல், உதிராமல் நிற்க வரிச்சு. இன்றைய கம்பி வலை செய்வதும் அதே வேலைதான்.

வசதியுள்ள வீடுகளில் சுண்ணாம்புக் காரை. காரைக்கால் என்ற பெயருக்கே, காரையால் கட்டிய கால்வாய் என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. நம் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்றே ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. அதை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார்கள். சுண்ணாம்புக் காரை மெதுவாக இறுகும், கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதற்குள் இரும்பும் கிடையாது. அதனால் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுவர்களில் உப்பு பூத்தால் மேல்காரை பொரிந்து உதிருமே தவிர, உள்ளிருந்து ஒன்று வெடித்துக்கொண்டு வெளியே வராது. சிமென்ட் வந்தது, கூடவே இரும்பும் சுவருக்குள் வந்தது. கடலோர ஊருக்கு அன்றிலிருந்துதான் இந்தப் புதுக் கவலை.

அதையும் என் வீட்டிலேயே பார்த்தேன். கூடத்தில் வலை போடாத குறை. மாடிப்படிக்கு வெளியே, கடலைப் பார்த்த சுவரில், வலை போட்டும் குறை. ஆறாவது வருஷம் அங்கே பூச்சு உப்பியது. தட்டினால் டப் டப்பென்று பொத்தல் சத்தம். மேஸ்திரி உளியால் நெம்பியதும் முறம் அளவுக்கு ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் அறுகோணங்கள் துருக்கறையாகப் பதிந்திருந்தன. கம்பி என்று எடுக்கப் போனால் விரலில் செம்மண்போல உதிர்ந்தது. சுவர்ப் பக்கம் பார்த்தால், வலையைச் செங்கல்லோடு ஒட்டவைத்துச் சாதா ஆணியால் அடித்திருந்த தடம்.

"வலைய செங்கல்லோட சேத்து அடிச்சா பிரயோசனமே இல்ல சார். அது பின்னால கலவ போகாது. வலை கலவைக்குள்ள மெதக்கணும்" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் பெரிய வேதியியல் இருக்கிறது. சிமென்ட் கலவை கடுமையான காரம். அதன் பிஎச் அளவு 12க்கு மேல். அந்தக் காரத்துக்குள் முழுக்க மூழ்கியிருக்கும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் படிகிறது. படலம் இருக்கும்வரை துரு அண்டாது. கம்பியின் முன்பக்கம் மட்டும் கலவை பட்டு, பின்பக்கம் செங்கல்லுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால், அங்கே காரம் இல்லை. ஈரமும் காற்றும் மட்டும் இருக்கின்றன. காரைக்காலில் மூன்றாவதாக உப்பும் வந்து சேர்கிறது. கொண்டல் காற்றில் பறந்துவரும் கடல் திவலை சுவரில் படிகிறது, ஐப்பசி கார்த்திகை மழை அதைக் கரைத்து உள்ளே இழுத்துப் போகிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தை ஓட்டை போடும். துருவாக மாறிய இரும்பு, இருந்ததைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே வீங்கினால் பூச்சுக்கு வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை.

மெல்லிய கம்பிக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோழி வலைக்கு வழக்கமாக 22 அல்லது 24 கேஜ் கம்பி. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 22 கேஜ் 0.71 மி.மீ., 24 கேஜ் 0.56 மி.மீ. சுற்றிலும் வெறும் 0.1 மி.மீ. ஆழத்துக்குத் துரு அரித்ததாக வைத்துக்கொள்வோம். பில்லரில் உள்ள 12 மி.மீ. கம்பிக்கு நூற்றுக்கு மூன்று பங்குதான் நஷ்டம். 24 கேஜ் கம்பியோ நூற்றில் ஐம்பத்தொன்பது பங்கை இழந்துவிடும். போதாக்குறைக்கு, கடலோரக் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கனம் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி 456. பூச்சுக்குள் இருக்கும் வலைக்கு மேலே 10 மி.மீ. கிடைத்தாலே பெரிது.

இவ்வளவு மெல்லிய கம்பியைக் காப்பாற்றுவது துத்தநாகம். ஜி.ஐ. என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசிய இரும்பைத்தான். 1837இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஸ்தானிஸ்லாஸ் சோரெல் இந்தப் பூச்சு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பது முறை. மேலே மூடுவதோடு அது நின்றுவிடுவதில்லை. எங்காவது கீறி இரும்பு தெரிந்தாலும், பக்கத்தில் உள்ள துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. இங்கேதான் சாதா ஆணி கெடுதல் செய்கிறது. பூச்சில்லாத ஆணியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வலையின் துத்தநாகம், அந்த ஆணிக்காகவும் சேர்ந்து கரைகிறது. என் வீட்டுச் சுவரில் ஆணியைச் சுற்றித்தான் முதலில் ஓட்டை விழுந்திருந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சில வலைகள் ஏற்கெனவே முலாம் பூசிய கம்பியால் பின்னப்பட்டவை. சில, கறுப்புக் கம்பியில் பின்னிய பிறகு முழு வலையாக முக்கியெடுக்கப்பட்டவை. இரண்டாவது வகையில் இரண்டு கம்பிகள் முறுக்கிக்கொள்ளும் இடத்தில் துத்தநாகம் ஈயம் வைத்ததுபோல இறுகி அடைத்திருக்கும். முதல் வகையில் முறுக்குக்குள் இடைவெளி தெரியும், முறுக்கும்போது முலாம் வெடித்தும் இருக்கும். உப்புக் காற்றுள்ள ஊரில் விலை கூடுதலானாலும் இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள் என்பேன்.

துருவை ஆராய்வதற்கென்றே நம் பக்கத்தில் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. கடல்காற்று உலோகங்களை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அதற்கு ஓர் ஆய்வு நிலையமும் உண்டு.

அறுகோண வலையின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. நார்விச் நகரம் துணி நெசவுக்குப் பேர்போனது. அங்கே சார்லஸ் பார்னார்ட் என்பவர் 1844இல் துணித் தறியின் நுட்பத்தைப் பார்த்துக் கம்பி நெய்ய இயந்திரம் செய்தார். பூச்சுக் கலவைக்குள் கம்பி வலை போனது பிரான்சில். தெற்கே மிராவல் என்ற ஊரில் ழோசெஃப் லூயி லாம்போ என்பவர் 1848இல் கம்பிகளைப் பின்னி, அதன் மேல் சிமென்ட் கலவையை அப்பி ஒரு படகு செய்தார். அது மிதந்தது. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்கும் கொண்டுபோனார். அவருடைய படகு ஒன்று ப்ரிஞோல் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1867இல் ழோசெஃப் மோனியே என்ற தோட்டக்காரர் அதே வழியில் பூந்தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வருஷங்களில் காரைக்காலும் அதே பிரெஞ்சு அரசின் ஊர்தான். ஆனால் நம் கொத்தனார்கள் அப்போது சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

லாம்போவின் முறைக்கு இன்றைய பெயர் ஃபெரோசிமென்ட். பூச்சுக்கு வலை துணை என்ற நிலை மாறி, வலையே சுவராகிவிடும் வேலை அது. நெருக்கமான வலைகளைப் பல அடுக்காகக் கட்டி, ஜல்லியே இல்லாத கலவையை அழுத்தி ஏற்றினால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் தண்ணீர்த் தொட்டி எழும்பிவிடும். கம்பி அவ்வளவு பரவலாக இருப்பதால் விரிசல் விழுந்தாலும் மயிரிழைதான். இத்தாலியின் பியர் லூயிஜி நெர்வி 1945இல் 165 டன் கப்பல் ஒன்றை இப்படிக் கட்டினார்; அதன் உடல் கனம் 36 மி.மீ. மட்டுமே. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இந்த முறையில் கூரைத் துண்டுகளும் தொட்டிகளும் கதவுகளும்கூடச் செய்திருக்கிறார்கள்.

கடையில் வேறு வலைகளும் உண்டு. தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இரு பக்கமும் இழுத்து விரித்தால் வைரக்கண் வலை கிடைக்கும். அதன் இழைகள் சாய்ந்து நிற்பதால் கலவையை நன்றாகக் கவ்வும், கனமான பூச்சுக்கு ஏற்றது. கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் வரும் ஃபைபர் மெஷ் துருவே பிடிக்காது. ஆனால் சாதாரணக் கண்ணாடியைச் சிமென்ட்டின் காரம் தின்றுவிடும். காரம் தாங்கும் மேல்பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அலைத் திவலை நேராக வந்து அடிக்கும் சுவர்களுக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

வலை எதுவானாலும் கலவையில் உப்பு இருந்தால் எல்லாம் வீண். அரசலாற்று முகத்துவாரத்து மணல் பார்க்க அழகாக இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். போர் தண்ணீரும் பல தெருக்களில் அப்படித்தான். இரும்பு போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. வலை போட்ட பூச்சுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரைக் கிராமங்களில் கூரை வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடுகள் வந்தன. அந்த மக்கள் காலமெல்லாம் மிச்சம் பிடித்த பணத்தில்தான் இனிப் பழுது பார்த்தாக வேண்டும். ஒரு தண்ணீர்ப் பரிசோதனை அவர்களுக்குச் சின்னச் செலவு. பெயர்ந்த பூச்சு அப்படியல்ல.

எங்கள் வெளிச்சுவரை மறுபடி பூசிய அன்று சாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பழைய பூச்சைச் சுத்தமாகக் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு நாள் கழுவிவிட்டார்கள். கான்கிரீட் பக்கத்தில் உளியால் நெருக்கமாகக் கொத்துப் போட்டார்கள். மேஸ்திரி முதல் கைப் பூச்சாக அரை அங்குலம் அடித்தார். அது இறுகுவதற்குள் வலையை விரித்து, முலாம் ஆணியில் வாஷர் கோத்து, முக்கால் அடிக்கு ஒன்றாக அடித்தார். ஒரு துண்டும் மறு துண்டும் சேரும் இடத்தில் நான்கு விரல் மேலேற்றினார். வலை தொளதொளவென்று தொங்கிய இடத்தில் மட்டும் கையால் இழுத்து, "இது உப்பலா நின்னா வெளிப்பூச்சுல வந்து எட்டிப் பாக்கும்" என்று கட்டுக்கம்பியால் ஒரு முறுக்குக் கொடுத்தார். பிறகு கரண்டியின் வயிற்றால் அழுத்தியபோது ஒவ்வோர் அறுகோணத்தின் நடுவிலும் கலவை பிதுங்கி வந்தது. பிதுங்காத கண்ணைத் தேடித்தேடி அங்கே மறுபடி அழுத்தினார்.

அதன் மேல் இரண்டாவது கை. பூச்சைச் சமன் செய்யும் மணியாஸ் பலகை வட்டம் வட்டமாக ஓட, வலை முழுவதும் மறைந்தது. சித்தாள் அக்கா மறுநாள் காலையிலிருந்து பத்து நாள், மூன்று வேளை தண்ணீர் அடித்தார். அதுவும் போரிலிருந்து அல்ல, குடத்தில் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீர்.