சோதனையைச் சோதித்தல்

நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மருந்து பயன் தரும். அத்தெளிவைத் தருவது சோதனை. ஆயின் அச்சோதனை மெய்யே உரைக்கின்றது என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

குருதி, சளி முதலியவற்றில் காணப்பட்டு நோயைச் சுட்டி நிற்கும் பொருள்களை உயிர்க்குறிப்பான்கள் என்பர். அவற்றின் தரத்தை இரண்டு அளவைகளால் கணிப்பர். நோயுள்ளவரை நோயுள்ளவரெனக் காட்டும் ஆற்றல் உணர்திறன். நோயற்றவரை நோயற்றவரெனக் காட்டும் ஆற்றல் தனித்திறன்.

காசநோயைக் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்டு கண்டறிவதாகச் சொல்லப்பட்ட சோதனைகள் நம் நாட்டுத் தனியார் ஆய்வுக்கூடங்களில் பல்லாண்டுகள் பெருவழக்காயிருந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் அவை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, உணர்திறன் ஓர் ஆய்வில் 0 விழுக்காடாகவும் மற்றோர் ஆய்வில் 100 விழுக்காடாகவும் இருக்கக் கண்டது. எனவே 2011 சூலையில் அவற்றைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. இந்திய அரசு 2012 சூனில் அவற்றைத் தடை செய்தது.

ஒரே வகைச் சோதனைக்கு இத்துணை வேறுபட்ட முடிவுகள் வந்ததற்கு ஆய்வுகளின் அமைப்புக் குறையும் ஒரு காரணமாகும். போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையை எண்ணிப் பாருங்கள். பருத்துப் பசுமையான காயையும், சுருங்கிக் கறுத்த காயையும் எதிரெதிரே வைத்தால் சிறுவனும் தரம் பிரித்துவிடுவான். இடைத்தரக் காய்களைக் கலந்து கொடுத்தால்தான் தரம் பிரிப்பவரின் திறன் புலப்படும். அதுபோலவே, முற்றிய நோயாளிகளையும் முழுநலம் உடையோரையும் மட்டும் ஒப்பிடும் ஆய்வு சோதனையை மிகையாகப் புகழ்ந்துரைக்கும்.

எனவே நல்லாய்வுக்குச் சில நெறிகள் உண்டு. முதலாவது, நோய் உண்டோ இல்லையோ என்னும் ஐயத்துடன் மருத்துவமனைக்கு வருவோரை, தேர்ந்து ஒதுக்காமல், வரும் வரிசையிலேயே சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, அனைவரையும் நம்பத்தகுந்த மூலச்சோதனை ஒன்றாலும் ஆராய்தல் வேண்டும்; காசநோய்க்குச் சளியிலுள்ள கிருமியை வளர்த்துக் காண்பது அத்தகையது. மூன்றாவது, ஒன்றின் முடிவை அறியாமலே மற்றதன் முடிவைக் கூறல் வேண்டும். நான்காவது, நோய் உண்டு எனக் கொள்ளும் வரம்பளவை முன்னரே வகுத்தல் வேண்டும். அறுதியாகக் கூறவியலாத முடிவுகளையும் மறையாது வெளியிடல் வேண்டும். இத்தகைய ஆய்வுகளை வெளியிடுவதற்கான 'ஸ்டார்டு' என்னும் நெறிமுறை 2003இல் தோன்றி, 2015இல் 30 கூறுகளுடன் திருத்தம் பெற்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. உணர்திறனும் தனித்திறனும் 90 விழுக்காடாக உள்ள ஒரு சோதனையைக் கொள்வோம். ஓர் ஊரில் 1,000 பேரில் 10 பேருக்கே நோய் இருப்பின், அச்சோதனை 9 நோயாளிகளைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 99 பேரையும் நோயாளிகள் என்று சொல்லும். ஐயத்துடன் வந்த 1,000 பேரில் 300 பேருக்கு நோய் இருப்பின், 270 பேரைச் சரியாகவும் 70 பேரைத் தவறாகவும் காட்டும். சோதனை ஒன்றே, அதன் சொல்லுக்குரிய மதிப்போ வேறு.

இவை வெறும் கணக்குகள் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வைகறையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டம் செல்லும் கூலித்தொழிலாளி ஒருவருக்குப் பொய்யாக நோய் உண்டு எனின், பல மாதங்கள் வேண்டாத மருந்தையும் ஊரார் ஒதுக்கலையும் அவர் தாங்க வேண்டும். உள்ள நோயை இல்லை எனின், ஒரே கூரையின்கீழ் உறங்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் அது பரவக்கூடும்.

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் செய்தி இனிது என்பதற்காகவே அதனை ஏற்றாரல்லர். அதனைக் கொணர்ந்தவர் ஒவ்வொருவரின் வாய்மையையும் ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். நம் உடலைப் பற்றிச் சான்று கூற வரும் சோதனையையும் அவ்வாறே ஆராய்ந்து ஏற்பது அறிவுடைமை. அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் "இதன் முடிவு என்ன?" என்பதோடு நில்லாமல், "இதனை யாரிடம், எவ்வாறு சோதித்தனர்?" என்றும் வினவக் கற்பாராக.