யார் வீட்டுப் பிள்ளை?

வெளியூரில் தமிழ்க் குரல் கேட்டால் நாம் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊர்?" அடுத்தது, "யார் வீட்டுப் பிள்ளை?" இந்த இரண்டாவது கேள்வியைக் கம்ப்யூட்டரிடமும் கேட்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

நம் சங்க நூலகத்தில் லினக்ஸில் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. உறுப்பினர் பட்டியலும், பழைய நாடகங்கள், பொங்கல் விழாக்களின் புகைப்படங்களும் அதில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் அது ஆமையாகிவிட்டது. ஒரு பெயரை அடித்தால் திரையில் வருவதற்குள் காபி ஆறிவிடும். "சார், எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்" என்றார் பொருளாளர். படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை.

கல்லூரியில் படிக்கும் உறுப்பினர் வீட்டுப் பையன் வந்து பார்த்தான். கோப்புகளைச் சுருக்கும் 'ஜிஸிப்' என்ற நிரல் இயந்திரத்தின் சக்தியை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினான். உடனே வேறு எண்ணோடு மறுபடி வந்தது. மீண்டும் நிறுத்தினான், மீண்டும் வந்தது. "அங்கிள், இது வைரஸ்" என்றான்.

ரயில்வே சிக்னல் பிரிவில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் ஃபியூஸை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. கோளாறு எங்கே என்று கம்பியோடு போய்ப் பார்க்க வேண்டும்.

யூனிக்ஸ், பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கி வைத்தது. அதன் வழியில் 1991-ல் வந்தது லினக்ஸ். இவற்றில், கெர்னல் தானே தொடங்கும் சிலவற்றைத் தவிர, எந்த வேலையும் தானாக முளைப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை 'ஃபோர்க்' என்ற அழைப்பால் தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பெற்றவரின் எண்ணும் கூடவே பதிவாகும்.

அதைப் பார்ப்பது எளிது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'பிஎஸ்' என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சிறு கோடும் 'இஎஃப்' என்பதும் சேர்த்து அடித்தால் பட்டியல் வரும். இரண்டாவது பத்தியில் வேலையின் எண்; மூன்றாவதில் பெற்றவரின் எண். அந்த எண்ணை இரண்டாவது பத்தியில் தேடினால் பெற்றவர் யார் என்று தெரிந்துவிடும். இப்படியே மேலே ஏறிக்கொண்டே போகலாம்.

ஏறினோம். ஜிஸிப்பைப் பெற்றது ஒரு சிறிய ஸ்கிரிப்ட். அதற்கும் மேலே, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கி வைக்கும் 'கிரான்'. அதற்கும் மேலே எண் 1, எல்லாவற்றுக்கும் மூதாதை.

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. மாற்றலாகிப் போன ஓர் அன்பர் எழுதியது. தினமும் மாலை 5 மணிக்குப் படங்களைச் சுருக்கி, வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும்; முடியாவிட்டால் மறுபடி முயல வேண்டும். டிஸ்க்கை யாரோ கழற்றிவிட்டார்கள். பாவம், அது முயன்றுகொண்டே இருந்தது. படங்களைக் காப்பாற்ற வந்ததையே வைரஸ் என்று நினைத்து, படங்களையும் சேர்த்து அழிக்க இருந்தோம்!

முதலில் கிரானில் அந்த வரியை நிறுத்தி வைத்தோம். இல்லாவிட்டால் மறுநாள் 5 மணிக்கு மறுபடி வந்து நிற்கும். பிறகு ஸ்கிரிப்டையும், கடைசியாக ஜிஸிப்பையும் நிறுத்தினோம். இயந்திரம் பழையபடி ஓடியது.

இரண்டு எச்சரிக்கைகள். பெற்றவரை முதலில் நிறுத்திவிட்டால், அநாதையான பிள்ளையை எண் 1 அல்லது வேறொரு காப்பாளர் தத்தெடுத்துக்கொள்ளும். பழைய உறவு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதனால் நிறுத்துமுன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'டிஃபங்க்ட்' என்று காட்டப்படும் வேலை ஏற்கெனவே முடிந்துபோனது. பெற்றவர் அதன் முடிவை இன்னும் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். அதை மறுபடி கொல்ல முடியாது. பெற்றவரைத்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது புது டிஸ்க் வாங்கியாகிவிட்டது. ஸ்கிரிப்டும் ஒரு தரம் முயன்று முடியாவிட்டால், செய்தி எழுதி வைத்துவிட்டு நின்றுவிடும். 5 மணிக்கு என்ன ஓடும், யார் எழுதியது என்று ஒரு காகிதத்தில் எழுதி மேஜைமேல் ஒட்டியிருக்கிறேன். அன்பர்கள் அதைக் கிழித்துவிட வேண்டாம்.