லிங்க்ட்இன்: உங்கள் பட்டறைக்குப் புது வாடிக்கையாளர் கிடைக்க ஒரு வழி

ஒரே ஒரு கம்பெனியின் ஆர்டரை நம்பி ஓடும் சிறு தொழிற்கூடங்கள் நம் மாநிலத்தில் ஏராளம். கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ ரெண்டு சிஎன்சி மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். "பெரிய பார்ட்டி ஒண்ணு, சின்னது ரெண்டு மூணு" என்பார். அந்தப் பெரிய பார்ட்டி ஒரு மாதம் ஆர்டரைக் குறைத்தால் போதும், மெஷின் கடன் தவணை, சம்பளம், கரண்ட் பில் எல்லாமே ஆட்டம் காணும். புது வாடிக்கையாளர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரிய நிறுவனத்தின் கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டி, கொள்முதல் பிரிவில் இருப்பவரைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமா?

அவர் லிங்க்ட்இன்னில் இருக்க வாய்ப்பு அதிகம். 2003-இல் தொடங்கி, 2016-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய இந்தத் தளம் வேலை தேடும் பிள்ளைகளுக்கு மட்டுமானது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒவ்வொருவரும் தம் பெயர், பதவி, நிறுவனம் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியதே அந்த மூன்றும்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவராது. பேக்கரி, டெய்லர் கடை, சேலை வியாபாரம் போல நேரடியாகப் பொதுமக்களிடம் விற்பவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸும் கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதும்தான் பலன் தரும். நிறுவனங்களுக்குப் பொருளோ சேவையோ கொடுப்பவர்களுக்கே லிங்க்ட்இன். பாகங்கள் செய்பவர், பேக்கிங் அட்டைப்பெட்டி செய்பவர், திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர், சாஃப்ட்வேர் எழுதித் தருபவர், கணக்கு வேலை பார்த்துத் தருபவர் என்று பட்டியல் நீளும்.

"புரொப்ரைட்டர்" என்று எழுதினால் போதாது

பலருடைய கணக்கில் பெயருக்குக் கீழே "புரொப்ரைட்டர், இன்ன இண்டஸ்ட்ரீஸ்" என்று மட்டும் இருக்கும். பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள், எந்த அளவு வரை செய்ய முடியும், எந்த ஊர் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். "பம்ப் ஷாஃப்ட், இம்பெல்லர் மெஷினிங்; 300 மி.மீ. விட்டம் வரை, கோயம்புத்தூர்" என்றால் தேடுகிறவர் கண்ணில் படும். போனில் பார்க்கும்போது முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் முக்கியமானதை முன்னால் வையுங்கள்.

இதை ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது. புனேயில் இருக்கும் கொள்முதல் மேலாளர் ஆங்கிலத்தில்தான் தேடுவார். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். பாகத்தின் பெயர், மெஷினின் பெயர், அளவு, எத்தனை நாளில் தர முடியும் என்ற நாலு வரி போதும். "உலகத் தரம்", "முன்னணி நிறுவனம்" என்பதையெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை.

அடுத்தது நம்பிக்கை. முன்பின் தெரியாதவர் உங்களுக்கு டிராயிங் அனுப்ப வேண்டுமென்றால், நீங்கள் நிஜமாகவே தொழில் நடத்துகிறீர்களா என்று அவர் பார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். இதற்கு அரசுப் பதிவுகளைவிட வலுவானது எதுவும் இல்லை. ஜிஎஸ்டி எண்ணையும் உத்யம் பதிவு எண்ணையும் உங்கள் அறிமுகப் பகுதியில் எழுதுங்கள். இரண்டையுமே அந்தந்த அரசுத் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். சான்றிதழை அப்படியே போட்டோ எடுத்துப் போட வேண்டாம். அதில் மொபைல் எண், முகவரி எல்லாம் இருக்கும். எண் மட்டும் போதும்.

உத்யம் பதிவு இன்னும் செய்யவில்லையா? 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் விவரம் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். "உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன்" என்று தேடினால், பணம் கேட்கும் தனியார் தளங்களும் அரசுத் தளம் போன்ற தோற்றத்தில் வந்து நிற்கும். முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். தடுமாற்றம் இருந்தால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

லிங்க்ட்இன் தளமும் அடையாளச் சரிபார்ப்பு வசதி தருகிறது. இந்தியாவில் இதை டிஜிலாக்கர் வழியாகச் செய்யலாம். முடித்தால் பெயர் பக்கத்தில் ஒரு குறி வரும். கட்டாயம் இல்லை, ஆனால் போலிக் கணக்குகள் மலிந்திருக்கும் காலத்தில் இது உதவும்.

நிறுவனப் பக்கம் யார் கையில்?

உங்கள் பெயரில் கணக்கு இருந்தால், அதிலிருந்து தொழிலுக்கென்று தனியாக ஒரு பக்கமும் இலவசமாகத் திறக்கலாம். ஆனால் பக்கம் தானாக யாருக்கும் நட்பு அழைப்பு அனுப்பாது, ஆட்கள்தான் அனுப்ப முடியும். அதனால் பக்கம் ஒரு போர்டு மாதிரி இருந்தால் போதும், பேச்சுவார்த்தை உங்கள் பெயரிலேயே நடக்கட்டும்.

பக்கத்தைத் திறந்து தருவதாகச் சொல்லும் பகுதி நேர ஆளோ ஏஜென்சியோ தங்கள் கணக்கிலிருந்து திறந்துவிட்டால், நாளை அவர்கள் போய்விடும்போது சாவி அவர்கள் கையில் இருக்கும். "சூப்பர் அட்மின்" என்ற பொறுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆளைத் தேடுவோம். உங்கள் பாகத்தைப் பயன்படுத்தக்கூடிய நிறுவனங்கள் ஒரு இருபதின் பெயரைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் கொள்முதல், சப்ளையர் மேம்பாடு, தரக் கட்டுப்பாடு பிரிவுகளில் இருப்பவர்களைத் தேடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நூறு பேருக்கு அழைப்பு அனுப்பினால் தளமே உங்களைத் தடுத்து நிறுத்திவிடும். அழைப்போடு சேர்த்து எழுதும் குறிப்புக்கு இரண்டு வரி இடம்தான் இருக்கும். இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். கணபதியில் பம்ப் ஷாஃப்ட் மெஷினிங் செய்கிறோம். உங்கள் சப்ளையர் பதிவு முறை என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." விலைப் பட்டியல், பிரோஷர் எதுவும் முதல் நாளில் வேண்டாம். முன்பு உங்கள் பட்டறையில் வேலை கற்றுவிட்டுப் பெரிய நிறுவனத்துக்குப் போன தம்பிகள் யாராவது இருந்தால், அங்கிருந்தே தொடங்குங்கள். தெரிந்தவர் மூலம் போவதற்கு எதுவும் ஈடாகாது.

என்ன பதிவிடலாம் என்பது பலருக்கும் உள்ள குழப்பம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் போட்டால் லைக் வரும், என்கொயரி வராது. ஒரு காஸ்டிங் பட்டறைக்குள் வந்தபோது எப்படி இருந்தது, மெஷினிங் முடிந்து எப்படிப் போனது என்று இரண்டு போட்டோ போடுங்கள். ஒரு ஷாஃப்டின் ஓட்டத்தை 0.02 மி.மீ.க்குள் கொண்டுவர என்ன மாற்றினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். புதிதாக ஒரு அளவுக் கருவி வாங்கினால் அதைப் பற்றிச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரை இப்படித்தான் அடையாளம் காண்கிறார். இவற்றைத் தமிழில் எழுதினாலும் தப்பில்லை, நம் ஊர் பொறியாளர்கள் படிப்பார்கள். வாரம் ஒன்று போதும்.

போட்டோ எடுக்கும் முன் மேஜையைப் பாருங்கள். பின்னணியில் ஒரு வாடிக்கையாளரின் டிராயிங்கோ, அவர் பெயர் பொறித்த பாகமோ தெரிந்தால் இருக்கிற ஆர்டரும் போய்விடும். ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தால் சட்டச் சிக்கலும் வரும். அவர்கள் பாகத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஈமெயிலில் அனுமதி கேட்டு வாங்குங்கள்.

பலன் உடனே கிடைக்குமா? கிடைக்காது. என்கொயரி வந்தாலும் சாம்பிள், சோதனை அறிக்கை, அவர்கள் வந்து பட்டறையைப் பார்ப்பது என்று மாதங்கள் ஓடும். பத்தாவது நாளில் சலித்து, காசு கொடுத்து விளம்பரம் போட அவசரப்பட வேண்டாம்.

எதிரில் இருப்பவர் யார்?

பெரிய நிறுவனத்தின் லோகோவோடு யாரும் ஒரு கணக்கைத் திறந்துவிட முடியும். "எங்கள் கம்பெனிக்கு வெண்டராகப் பதிவு செய்ய இவ்வளவு கட்டுங்கள்" என்று கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கிறவர் உங்களிடம் ஏன் பணம் கேட்க வேண்டும்? "அட்வான்ஸ் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பதும் மோசடிதான். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

சரக்கை அனுப்பும் முன் அவர்களின் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்யாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடினால், சட்டப்படியான பெயர், எப்போது பதிவானது, பதிவு இப்போது உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். அந்த 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. பிறகு வரும் பத்தும் பான் எண். சென்னை கம்பெனி என்று சொல்பவர் வேறு மாநில எண்ணைத் தந்தால் காரணம் கேளுங்கள். ஈமெயில் அந்த நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள லேண்ட்லைனுக்கு நீங்களே போன் செய்து, "இன்னார் உங்க பர்ச்சேஸ்ல இருக்காரா?" என்று கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் எளிது.

பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் தடுக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கியவர் நிஜமான கம்பெனியாகவே இருந்தும் பணத்தை இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கைகொடுக்கும். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டியோடு. புகாரை மத்திய அரசின் இணையதளத்தில் கொடுக்கலாம். அதற்கு உத்யம் எண் வேண்டும். சரக்கை அனுப்பிய பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் வழக்கில் சிக்கல் வரலாம். அதனால் புது வாடிக்கையாளருக்கு முதல் இன்வாய்ஸ் போடும் முன்பே பதிவை முடித்து, அந்த எண்ணை இன்வாய்ஸிலும் அச்சிட்டுவிடுங்கள்.